கூட்டாஞ்சோறு

கூட்டாஞ்சோறு என்பது அரிசி, துவரம்பருப்பு, பலவகைக் காய்கறிகள், முருங்கைக்கீரை, புளி, அரைத்த தேங்காய் ஆகியவற்றை ஒரே பானையில் இட்டுச் சமைக்கப்படும் தமிழர் உணவுகளுள் ஒன்றாகும். தமிழ்நாட்டின் தென்பகுதியில், குறிப்பாகத் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இது பரவலாகச் சமைக்கப்படுகின்றது. இச்சொல் ஓர் உணவின் பெயராக மட்டுமன்றி, பலர் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து, கூடிச் சமைத்து, கூடி உண்ணும் வழக்கத்தின் பெயராகவும் விளங்குகின்றது. இக்கட்டுரை அவ்விரு பொருளையும் எடுத்துக்கொண்டு, தென்காசி, குற்றாலம் பகுதியை மையமாக வைத்து விளக்குகின்றது.

பெயர்

கூட்டு, சோறு ஆகிய இரு சொற்களின் சேர்க்கையால் அமைந்த பெயர் இது. கூட்டு என்பதற்கு இங்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, பல பொருள்கள் ஒன்றாகக் கலந்தது என்பது. மற்றொன்று, பலர் கூடி ஆக்கியது என்பது. தமிழர் சமையலில் பருப்பும் காய்கறியும் சேர்ந்த தொடுகறி ஒன்றும் கூட்டு என அழைக்கப்படுகின்றது. எனவே கூட்டையும் சோற்றையும் தனித்தனியாக ஆக்காமல் ஒன்றாக ஆக்கிய உணவு என்றும் இப்பெயரை விளங்கிக்கொள்ள முடியும்.

பேச்சு வழக்கில் "கூட்டாஞ்சோறு ஆக்குதல்", "கூட்டாஞ்சோறு பொங்குதல்" என்னும் தொடர்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளிலேயே, அதாவது கூடிச் சமைக்கும் நிகழ்வைக் குறிக்கவே பயன்படுகின்றன.

சிறுவர் விளையாட்டாக

பழந்தமிழ் இலக்கியங்களில் சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுவது சிற்றில் எனவும், மணலைச் சோறாகக் கருதிச் சமைத்து விளையாடுவது சிறுசோறு எனவும் குறிப்பிடப்படுகின்றது. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் பருவம் ஆகும்.

சிற்றூர்களில் சிறுவர் ஆடும் கூட்டாஞ்சோறு விளையாட்டு இதனுடன் ஒப்பிடத்தக்கது. சிறுவர்கள் விடுமுறை நாளொன்றில் தத்தம் வீடுகளிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி, ஒரு காய், சிறிது பருப்பு, உப்பு, புளி எனக் கொண்டுவருவர். தோப்பிலோ வீட்டின் பின்கட்டிலோ மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டி, கிடைத்தவற்றையெல்லாம் ஒரே சட்டியில் இட்டு வேகவைத்து உண்பர். சிறுசோறு மணலால் ஆனது. கூட்டாஞ்சோறோ உண்மையான நெருப்பில் வெந்து உண்மையில் உண்ணப்படுவது. தீயைக் கையாளுதல், பங்கிடுதல், பொறுத்திருத்தல் ஆகிய மூன்றையும் சிறுவர் இவ்விளையாட்டின் வழியே கற்கின்றனர்.

நிலமும் பருவமும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயற்படத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இது அமைந்துள்ளது. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் உள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதிக்குள் நுழைகின்றது. இதனால் தமிழ்நாட்டின் பிற சமவெளிகள் வெயிலில் காயும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் இங்குக் குளிர்ந்த காற்றும் மெல்லிய தூறலும் காணப்படுகின்றன. இத்தூறல் சாரல் எனப்படும். இக்காலம் குற்றாலத்தின் "சீசன்" எனப் பொதுமக்களால் அழைக்கப்படுகின்றது.

இப்பருவத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி முதலிய அருவிகளில் நீராடுவதற்காகப் பெருந்தொகையானோர் வருகின்றனர். உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளுக்கும் வெளியூர் உறவினர் வந்து தங்குவது வழக்கம். குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீராடித் திரும்புவோர் மிகுந்த பசியுடன் இருப்பர். பலருக்கு ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாற வேண்டிய இத்தகைய நாட்களில், சோறு, குழம்பு, பொரியல் எனத் தனித்தனியே ஆக்குவதைவிட, ஒரே பானையில் ஆக்கும் கூட்டாஞ்சோறு எளிதாக அமைகின்றது.

குற்றாலத்தின் விருந்தோம்பலுக்கு இலக்கிய உலகிலும் ஓர் இடமுண்டு. இரசிகமணி எனப் போற்றப்பட்ட டி. கே. சிதம்பரநாத முதலியார் (மறைவு 1954) தம் பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தார். இராஜாஜி, கல்கி போன்றோர் அவருடைய இல்லத்திற்கு விருந்தினராக வந்துள்ளனர். அதற்கு முன்னர் திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய இலக்கியக் குழு வட்டத்தொட்டி எனப்பட்டது.

தேவையான பொருட்கள்

பின்வரும் அளவுகள் சுமார் பத்துப் பேருக்குப் போதுமானவை.

- அரிசி: 1 கிலோகிராம் (பச்சரிசி அல்லது புழுங்கலரிசி)
- துவரம்பருப்பு: 250 கிராம்
- காய்கறிகள்: அனைத்தும் சேர்த்து 1 முதல் 1¼ கிலோகிராம் வரை
- முருங்கைக்கீரை: ஆய்ந்தது இரண்டு கைப்பிடி
- புளி: எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டை
- தேங்காய்: 1
- மிளகாய் வற்றல்: 10 முதல் 12 வரை
- சீரகம்: 2 தேக்கரண்டி
- சின்ன வெங்காயம்: 200 கிராம்
- பூண்டு: 6 பல் (விரும்பினால்)
- மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம்: தேவையான அளவு
- தாளிக்க: நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் 100 மில்லிலீட்டர், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை

காய்கறிகளுள் முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய், அவரைக்காய், கொத்தவரங்காய் ஆகியவை சிறப்பாகப் பொருந்துவன. கொத்தவரங்காய் இப்பகுதியில் சீனியவரைக்காய் எனவும் வழங்கப்படுகின்றது. உருளைக்கிழங்கு, கேரட் போன்றவற்றையும் சேர்ப்பதுண்டு. மாங்காய் சேர்க்கும்போது புளியின் அளவைக் குறைக்க வேண்டும். தென்காசி - திருநெல்வேலி சாலையில் உள்ள பாவூர்சத்திரம் இப்பகுதியின் முக்கியமான காய்கறிச் சந்தைகளுள் ஒன்றாகும்.

எல்லாக் காய்களும் இவ்வுணவுக்குப் பொருந்துவதில்லை. பாகற்காயின் கசப்பு பானை முழுவதும் பரவிவிடும். பீட்ரூட் சோற்றின் நிறத்தை மாற்றிவிடும். வெண்டைக்காய் நெடுநேரம் வெந்து கொழகொழப்பை உண்டாக்கும். எனவே இம்மூன்றும் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

செய்முறை

1. பருப்பையும் அரிசியையும் தனித்தனியே கழுவி, அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். புளியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும்.
2. காய்கறிகளைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்க வேண்டும். சிறிதாக நறுக்கினால் அவை கரைந்து மறைந்துவிடும். கத்தரிக்காய், வாழைக்காய்த் துண்டுகளை நறுக்கியவுடன் தண்ணீரில் இட்டால் கறுக்காது.
3. தேங்காய்த் துருவல், மிளகாய் வற்றல், சீரகம், பாதியளவு சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அம்மியிலோ மின்னரைப்பானிலோ கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும்.
4. பெரிய பாத்திரத்தில் சுமார் 4 லீட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பருப்பையும் மஞ்சள்தூளையும் இட வேண்டும்.
5. பருப்பு அரைவேக்காடு ஆனவுடன் அரிசியைச் சேர்க்க வேண்டும்.
6. அரிசி கொதித்து மலரத் தொடங்கும்போது, வேக நேரமெடுக்கும் முருங்கைக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய் ஆகியவற்றை முதலிலும், கத்தரிக்காய், மாங்காய் ஆகியவற்றைச் சற்றுப் பின்னரும் இட வேண்டும்.
7. காய்கள் முக்கால் பங்கு வெந்தபின் புளிக்கரைசல், உப்பு, அரைத்த விழுது ஆகியவற்றைச் சேர்த்து, அடிபிடிக்காதவாறு நீண்ட கரண்டியால் கிளற வேண்டும்.
8. விழுதின் பச்சை வாடை நீங்கியபின் முருங்கைக்கீரையைத் தூவி, தீயைக் குறைத்து, மூடி வைக்க வேண்டும். விறகடுப்பாயின் எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடலாம்.
9. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், எஞ்சிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்துக் கொட்டிக் கிளறி இறக்க வேண்டும். வெங்காய வடகத்தைப் பொரித்துச் சேர்ப்பதும் உண்டு.

இறக்கும்போது சோறு சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ஆற ஆற அரிசியும் பருப்பும் நீரை உறிஞ்சி இறுகிவிடும். ஆகவே அருகில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் தயாராக இருப்பது நல்லது. குளிர்ந்த நீரை ஊற்றினால் கொதி அடங்கி, வேக்காடு சமமின்றிப் போகும்.

செய்முறையின் அடிப்படை

ஒரே பானையில் ஆக்கும் உணவில் பொருள்களை இடும் வரிசையே முக்கியமானது. துவரம்பருப்பு அரிசியைவிட மெதுவாக வேகும் இயல்புடையது. எனவே அது முதலில் இடப்படுகின்றது. புளி பிற்பகுதியில் சேர்க்கப்படுவதற்கும் தெளிவான காரணம் உண்டு. காய்கறிகள், பருப்புகள் ஆகியவற்றின் செல்சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் அமிலத்தன்மையுள்ள நீரில் எளிதில் கரைவதில்லை. புளியை முன்னதாகவே ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு கரையாமல் நிற்பதற்கும், காய்கள் விறைப்பாக இருப்பதற்கும் இதுவே காரணமாகும்.

புளிப்புப் பொருள் சேர்வதால் பாத்திரத்தின் தேர்விலும் கவனம் தேவை. ஈயம் பூசப்படாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளி சேர்ந்த உணவைச் சமைத்தால் உலோகம் உணவில் கரையும். அலுமினியத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். மண்பானை, கல்சட்டி, எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், நன்கு ஈயம் பூசிய பித்தளை அண்டா ஆகியவை ஏற்றவை.

உணவியல் நோக்கில், தானியமும் பருப்பும் சேர்வது இவ்வுணவின் சிறப்பாகும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் கிடைக்கின்றது. இரண்டும் ஒரே வேளையில் உண்ணப்படும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றது. முருங்கைக்கீரை சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, உயிர்ச்சத்து ஏ-க்கான மூலப்பொருள் ஆகியவற்றைச் சேர்க்கின்றது.

தொடுகறிகள்

கூட்டாஞ்சோற்றுக்குத் தனியாகக் குழம்போ பொரியலோ தேவையில்லை. அப்பளம், கூழ்வற்றல், மோர்மிளகாய், வடகம் ஆகியவற்றுள் ஒன்றிரண்டு போதுமானவை. ஊறுகாயும் தயிர்ப்பச்சடியும் சிலர் சேர்த்துக்கொள்வர். சாரல் காலத்துக்கு முந்திய கோடையில் வெயிலில் உலர்த்திச் சேமித்த வற்றல்களே மழைமாதங்களில் பயன்படுகின்றன.

வீட்டில் கூட்டாஞ்சோறு விருந்து நடத்துதல்

விருந்து என்பது பொதுவாக வீட்டார் ஆக்க, வந்தோர் உண்ணும் நிகழ்வாகும். கூட்டாஞ்சோற்றில் இந்தப் பாகுபாடு இல்லை. வருவோர் அனைவரும் பங்களிப்போராகவும் சமைப்போராகவும் உண்போராகவும் அமைகின்றனர். வீட்டார் பொறுப்பேற்க வேண்டியவை இடம், அடுப்பு, பெரிய பாத்திரம், தண்ணீர் ஆகியவையே. எனினும் முன்னேற்பாடு இன்றி நடத்தினால், ஐந்து வீட்டாரும் கத்தரிக்காயே கொண்டுவந்து நிற்கும் நிலை ஏற்படக்கூடும்.

பங்கு பிரித்தல்: வருவோரின் எண்ணிக்கையை முன்னரே அறிந்து, எந்த வீட்டார் எந்தப் பொருள் என்பதை ஒரு நாள் முன்னதாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். அரிசியை ஒரே வகையாக வாங்குவது நல்லது. பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்தால் ஒன்று குழைய மற்றொன்று வேகாமல் நிற்கும். வீடுவீடாக அரிசி சேர்ப்பதாயின், அனைவரிடமும் ஒரே வகை அரிசியைக் கேட்க வேண்டும். வசதி குறைந்தோர்க்குக் கீரை, கறிவேப்பிலை, விறகு போன்ற செலவில்லாத பொருள்களை ஒதுக்குவதும், அதனை யாரும் எடுத்துச் சொல்லாதிருப்பதும் இவ்வழக்கத்தின் பண்பாகும். பானையில் இட்டபின் எது யார் கொண்டுவந்தது என்பது தெரிவதில்லை.

வேலை பிரித்தல்: காய் நறுக்குதல், கீரை ஆய்தல், தேங்காய் துருவுதல், அரைத்தல் ஆகியவற்றை ஒரே நேரத்தில் பலர் செய்யலாம். கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஏற்ற வேலைகள். ஆனால் உப்பும் புளியும் சேர்க்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். பலர் உப்பிட்ட பானையைச் சரிசெய்வது கடினம்.

நேரம்: பத்துப் பேருக்கான சமையலுக்கு, நறுக்கும் நேரம் உட்பட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அருவிக்குச் செல்வோர் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு அடுப்பை மூட்ட வேண்டும். சாரல் நாட்களில் திறந்தவெளியில் விறகு நனைந்து புகையும். தாழ்வாரம் அல்லது கூரையிட்ட பின்கட்டு ஏற்றது. மூடிய அறைக்குள் விறகோ கரியோ எரித்தல் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகும்.

பரிமாறுதல்: வாழையிலையில் சூடாகப் பரிமாறுவது வழக்கம். முதலில் சிறுவர்க்கும் முதியோர்க்கும் பரிமாறப்படுகின்றது. உணவில் ஒவ்வாமை உள்ளவர்கள் உள்ளனரா என முன்னரே கேட்டறிதல் நலம். எல்லாப் பொருளும் ஒரே பானையில் கலந்துவிடுவதால் பின்னர் எதனையும் விலக்க இயலாது.

பாதுகாப்பு

தேங்காயும் பருப்பும் சேர்ந்த ஈரப்பதம் மிக்க உணவு ஆகையால் கூட்டாஞ்சோறு விரைவில் கெடும். சமைத்த சோற்றில் எஞ்சியிருக்கும் பாசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் அழியாதவை. உணவு மிதமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கும். அந்நச்சுப்பொருள்களுள் ஒன்று மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதை அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். காலையில் ஆக்கிய கூட்டாஞ்சோற்றை மூடிய தூக்குவாளியில் அருவிக்கு எடுத்துச்சென்று மாலையில் உண்பது நல்லதன்று.

ஆற்றங்கரையில் சமைத்து உண்ண விரும்புவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். குற்றால அருவிகளின் நீர்ப்பிடிப்பு மலைமேல் உள்ளது. அடிவாரத்தில் மழையின்றி வானம் தெளிவாக இருக்கும்போதும் மேலே பெய்த மழையால் திடீர் வெள்ளம் வரக்கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இவ்வாறு ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நீர் திடீரெனக் கலங்குதல், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகளாகும். அப்போது பானையையும் பொருள்களையும் விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். செண்பகாதேவி அருவி, தேனருவி முதலியவை காட்டுப்பகுதியில் உள்ளவை. காட்டில் தீ மூட்டுதல் குற்றமாகும். அருவிப் பகுதியில் குரங்குகள் மிகுதி என்பதால் திறந்த உணவைக் காத்தலும் கடினம்.

இக்காரணங்களால், அருவியில் நீராடலும் வீட்டில் கூட்டாஞ்சோறும் எனப் பிரித்துக்கொள்வதே பாதுகாப்பான முறையாகும்.

சமூகப் பின்னணி

ஒரே பானையில் ஆக்கி ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது இன்று இயல்பாகத் தோன்றினாலும், தமிழ்ச் சமூகத்தில் அது நெடுங்காலம் இயல்பானதாக இருக்கவில்லை. யார் கையால் சமைத்ததை யார் உண்ணலாம், யாருடன் அமர்ந்து உண்ணலாம் என்பனவற்றைச் சாதி வரையறுத்திருந்தது. சிறுவர் ஆக்கிய கூட்டாஞ்சோற்றிலும் எந்தத் தெருச் சிறுவர் சேர்க்கப்பட்டனர், எவர் விலக்கப்பட்டனர் என்பதை இவ்வரையறை தீர்மானித்தது.

இச்சிக்கல் தமிழக அரசியலையே மாற்றிய நிகழ்வு ஒன்று இப்பகுதிக்கு அருகில் நடந்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரசும் அதற்கு நிதி உதவியது. அங்குப் பிராமண மாணவர் இருவர் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டமை பெரும் கருத்து மோதலுக்கு வித்திட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் அனைவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என ஈ. வெ. இராமசாமி, பி. வரதராஜுலு நாயுடு ஆகியோர் வலியுறுத்தினர். காந்தியடிகள் வரையில் இவ்விவகாரம் சென்றது. 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பாபநாசம் அருகே அருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று அவரும் உயிரிழந்தார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் குறித்த தீர்மானமே உடனடிக் காரணம் எனினும், குருகுலப் போராட்டமும் அதற்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

பிற்காலத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் பல சாதிக் குழந்தைகளை ஒரே வரிசையில் அமர்த்தி உண்ணச் செய்தன. தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் விடுதலை நாளான ஆகஸ்டு 15 அன்றும், அறிஞர் அண்ணா நினைவு நாளான பெப்ரவரி 3 அன்றும் பொதுவிருந்து நடத்தப்படுவதும் இந்நோக்கத்தை உடையதாகும். இவ்வகையில் நோக்கினால், கூட்டாஞ்சோற்றில் எந்தக் காய் சேர்கின்றது என்பதைவிட, எவர் சேர்கின்றார் என்பதே முக்கியமான வினாவாகும்.

ஒப்பிடத்தக்க உணவுகள்

கதம்பச் சோறு, சாம்பார் சோறு ஆகியவை தோற்றத்தில் கூட்டாஞ்சோற்றை ஒத்தவை. சாம்பார் சோற்றில் வறுத்துப் பொடித்த மசாலாவே முதன்மையானது. கூட்டாஞ்சோற்றில் பச்சையாக அரைத்த தேங்காய், சீரகம், மிளகாய் விழுது முதன்மை பெறுகின்றது. கர்நாடகத்தின் பிசிபேளே பாத் உணவில் பட்டை, கிராம்பு போன்ற மணப்பொருள்களும் சேர்கின்றன.

யாழ்ப்பாணத்து ஒடியற் கூழ் கூடி உண்ணும் முறையில் கூட்டாஞ்சோற்றுக்கு மிகவும் நெருக்கமானது. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவுடன் மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை முதலியன சேர்த்துப் பெரிய பானையில் காய்ச்சப்படுகின்றது. உற்றார் சுற்றி அமர்ந்து, பலாவிலையைக் கோலியோ பனையோலையில் செய்த பிளாவிலோ அதனைக் குடிப்பர்.

சுவிட்சர்லாந்தின் ஃபாண்டியூ கூடி உண்பதற்கென்றே அமைந்த மேலைநாட்டு உணவாகும். உருகுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. பாலாடைக்கட்டியை வெள்ளை வைனுடன் உருக்கிய சட்டியை மேசை நடுவில் சிறு அடுப்பின் மேல் வைத்து, அனைவரும் நீண்ட முட்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி அதில் தோய்த்து உண்பர். 1930களில் சுவிட்சர்லாந்தின் பாலாடைக்கட்டி வணிக ஒன்றியம் இதனைத் தேசிய உணவாக விளம்பரப்படுத்தியது. வைனில் உள்ள தார்த்தாரிக் அமிலம் பாலாடைக்கட்டி திரளாமல் சீராக உருக உதவுகின்றது. புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணமும் இதே அமிலம் என்பது குறிப்பிடத்தக்கது. ஃபாண்டியூவில் உண்ணும் நேரத்தில் அனைவரும் ஒரு சட்டியைப் பகிர்கின்றனர். கூட்டாஞ்சோற்றிலோ பகிர்தல் சமைப்பதற்கு முன்னரே, பொருள் சேர்க்கும்போதே தொடங்கிவிடுகின்றது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகச் சுவிட்சர்லாந்தில் குடியேறியதால், ஒரு பானையைச் சுற்றி அமரும் இவ்விரு மரபுகளும் இன்று ஒரே நாட்டில் வழங்குகின்றன.

சீனாவின் ஹுவோகுவோ, சப்பானின் நாபே ஆகியவையும் மேசை நடுவே கொதிக்கும் பானையைச் சுற்றி அமர்ந்து உண்ணும் உணவு வகைகளாகும்.

மொழி வழக்கில்

பலவகைப்பட்டவை ஒன்றாகச் சேர்ந்த தொகுப்பைக் குறிக்கவும் கூட்டாஞ்சோறு என்னும் சொல் பயன்படுகின்றது. பல பொருள்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு, பல கட்சிகள் சேர்ந்த கூட்டணி ஆகியவற்றை இச்சொல்லால் சுட்டுவர். சில வேளைகளில் ஒழுங்கற்ற கலவை என்னும் இகழ்ச்சிக் குறிப்பும் இதில் இருப்பதுண்டு. எனினும் மேலே விளக்கியவாறு, வரிசையும் அளவும் தவறினால் கூட்டாஞ்சோறு அமைவதில்லை.

இவற்றையும் பார்க்க

- குற்றாலம்
- தென்காசி மாவட்டம்
- சேரன்மாதேவி குருகுலம்
- ஒடியற் கூழ்
- சொதி
- சத்துணவுத் திட்டம்